வேலிக்கு வெளியே நின்றவர்

பறங்கியர் இடித்த சிவன் கோயிலின் ஒவ்வொரு கல்லையும் எங்கள் ஊரில் அறிந்தவர் செல்லையா மாஸ்ரர். நானும் அவர் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து ஆசிரியன்தான். ஆனால் அந்த இடிபாட்டைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்த துரை, அவரைத்தான் விசாரித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

இடிபாட்டைச் சுற்றிய வேலியின் படலையடியில், கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "மாஸ்ரர், உங்கடை சித்தப்பா செத்து முப்பத்தொரு நாள் இன்னும் கழியேல்லை. சாவுத் துடக்கோடை உள்ளை வரலாமே? இடிஞ்சாலும் கோயில் கோயில்தானே."

அவர், "ஓம், நீங்கள் சொல்லுறது சரி" என்று வேலிக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டார்.

துரையை நான் கூட்டிச் சென்றேன். அவர் ஒரு கல்லைக் காட்டி என்னவென்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் வேலிப் பக்கம் திரும்பிக் கூவினேன்.

"நாவல் மரத்தடிக் கல்லோ? கீழ்ப்பக்கம் தடவிப் பாருங்கோ, நந்தியின்ரை காது இருக்கும்."

தடவினேன். இருந்தது. பிறகு எல்லாக் கல்லுக்கும் அப்படித்தான். அவர் எட்டியும் பாராமல் சொன்னார், நான் துரைக்குத் திருப்பிச் சொன்னேன். போகும்போது துரை வேலியடிக்குப் போய் அவருக்குத்தான் கை கொடுத்தார். அப்போதும் எரிந்தது.

எல்லோரும் போனபின் மாஸ்ரர் மெதுவாகக் கேட்டார்: "உங்கடை தம்பிக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள் இருக்குமே? சுகமாய் இருக்குதோ?"

பிறப்புக்கும் அதே முப்பத்தொரு நாள் துடக்கு உண்டு. காலையிலேயே அது என் நினைவில் இருந்தது. அவர் நினைவிலும் இருந்திருக்கிறது.

அந்த மண்ணை மிதிக்கக்கூடாதவர்கள் அன்று இரண்டு பேர் இருந்தோம். ஒருவர்தான் வெளியே நின்றார்.