நான் வைத்த பன்னிரண்டு நொடி

1. கைபேசிச் சீட்டாட்டம் ஒன்றில், பன்னிரண்டு நொடிக்குள் அடுத்த சீட்டை வைக்காவிட்டால் சேர்த்த புள்ளி எல்லாம் அழியும்படி அமைத்தவள் நான்.
2. அதை அக்காவின் போனில் நானே ஏற்றிக் கொடுத்தேன்.
3. மூங்கில்துறைப்பட்டு பக்கம் ஒரு வெல்லக் கொட்டகையில், அக்கா ஒரு கையால் ஆடிக்கொண்டே மறுகையால் சாறு பிழியும் இயந்திரத்துக்குள் கரும்பைக் கொடுத்தாள். மூன்று விரல்கள் போயின.

கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளிடம், “போனைக் கீழ வெச்சிட்டு கரும்பு வுட்டா இன்னாக்கா?” என்றேன்.

“வெச்சா அழிஞ்சிடும்டி. நீதான அப்புடி பண்ணிவெச்ச? கெட்டிக்காரிதான் நீ.”

அவள் குரலில் கோபம் இல்லை. அதுவரை நானும் அதை என் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தேன்.

வேலைக்குத் திரும்பியதும் ஆட்டத்திலிருந்து அந்த நொடிக்கணக்கை எடுத்துவிட்டேன். ஆடுபவர்கள் குறைந்துவிட்டதால் மேலாளர் மறுபடி வைக்கச் சொன்னார். வைத்தேன்.

இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். அக்கா வேலைக்குப் போவதில்லை. வீட்டில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தை ஆடுகிறாள்.