திருகாணி அக்காவின் கை

பழைய போன்களைப் பிரிக்கும் எங்கள் கொட்டகையில் பதினோரு வருடமாக எனக்குப் பக்கத்து மேசை அவளுடையது. திருகாணி அக்கா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். மூடியைக் கழற்றுவாள், பேட்டரியை நெம்புவாள், உள்ளே இருக்கும் பச்சைப் பலகையைக் கத்தரியால் இரண்டாக வெட்டுவாள். அதில் பதிந்திருப்பதை யாரும் திரும்ப எடுத்துவிடக் கூடாது என்பது கம்பெனி சட்டம். இதற்கெல்லாம் அவள் குனிந்து பார்த்ததே இல்லை. வாய் ஊர்வம்பு பேசும், கை தன்பாட்டுக்கு வேலை செய்யும்.

போன வருடம் வீட்டுக்காரர் இறந்தபோது ஐந்தாம் நாளே வேலைக்கு வந்துவிட்டாள். "அழுகையே வரமாட்டேங்குது, நான் என்னடி பண்ண?" என்றாள். அவருடைய போனை மட்டும் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தாள். அதில் அவர் குரல் ஒரே ஒரு பதிவாக இருந்தது. "கதவப் பூட்டிட்டியா? சாவிய எடுத்துக்கிட்டியா?" அவ்வளவுதான். அந்தப் போன் உயிரை விட்டதும், ரிப்பேருக்குக் கொடுக்கலாம் கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டாள். வீட்டைச் சுத்தம் செய்த மருமகள் அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள். "செத்த போன்தானே அத்தை" என்றாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊரில் தூக்கிப்போடும் போனெல்லாம் எங்கள் கொட்டகைக்குத்தான் வந்து சேரும். அக்கா குனிந்து பார்க்க ஆரம்பித்தாள். அவர் போனுக்கு நீல மூடி, மூலையில் பேத்தி வைத்த சிவப்பு நகப்பாலிஷ் பொட்டு. ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்த பிறகுதான் கழற்றினாள். வேலை பாதியாகக் குறைந்தது. சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நானும் என் மூட்டைகளில் தேடினேன்.

தேட ஆரம்பித்த ஒன்பதாம் நாள், அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், சூப்பர்வைசர் தொப்பையைத் தள்ளிக்கொண்டு நடப்பதை நடந்து காட்டினேன். அக்கா என்னையே பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். கை நிற்கவில்லை. கத்தரிச் சத்தம் கேட்டது.

அவள் தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் பார்த்தேன். மூடிகளைப் போடும் தட்டில், எல்லாவற்றுக்கும் மேலே, நீல மூடி. மூலையில் சிவப்புப் பொட்டு. பக்கத்துத் தட்டில் பலகை இரண்டு துண்டாகக் கிடந்தது. மூடியை எடுத்து மற்ற மூடிகளுக்கு அடியில் சொருகினேன். அந்த மருமகளைத் திட்ட இப்போது எனக்கு வாயில்லை.

இன்றும் அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறாள். பழைய வேகம் வராவிட்டால் சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர்.

"இந்த மூட்டையில இருக்குமாடி?" என்று கேட்கிறாள்.

"இருக்கும்க்கா" என்கிறேன்.