பிரேக் அக்காவும் எக்ஸும்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவரை எல்லாரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கம் இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேலேயே எந்நேரமும் அவர் பாதம் இருக்கும். கற்றுக்கொள்பவர் மதிலைப் பார்த்துப் பாய்ந்தாலும் பதற மாட்டார். "மதிலுக்கு ஒண்ணும் ஆகலை. இன்னொரு தரம் போவோம்" என்பார்.

அப்படிப்பட்டவருக்குக் கணக்கில் வரும் எக்ஸைக் கண்டால் உள்ளங்கை வியர்த்துவிடும். பள்ளி இறுதித் தேர்வில் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் தேறியவர். அந்த ஒன்றை மட்டும் அப்போதே கைகழுவிவிட்டு, வேலை, கல்யாணம் என்று கிளம்பிவிட்டார். இப்போது முதலாளி புதுக் கிளை திறக்கிறார். "பொறுப்பு உங்களுக்குத்தான். பள்ளிச் சான்றிதழ் மட்டும் கொண்டு வந்துடுங்க" என்றார். விரட்டிவிட்ட கணக்கு திரும்பவும் வாசலில் வந்து நின்றது.

நல்லவேளை, வீட்டிலேயே ஆள் இருந்தது. கணவரின் தங்கை கல்லூரியில் கணிதப் பேராசிரியை. சாயங்காலங்களில் சாப்பாட்டு மேசையில் பாடம் தொடங்கியது.

"எக்ஸ்னா தெரியாத எண், அண்ணி."

"தெரியாதவங்களோட நமக்கென்னம்மா கொடுக்கல் வாங்கல்?"

நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போனார். "இதுக்குப் பேரு சார்பு."

"யாருக்குச் சார்பு?"

"யாருக்கும் இல்ல. கணக்குல அப்படி ஒரு பேரு."

"எனக்குச் சார்பா இல்லைங்கறது மட்டும் நல்லாத் தெரியுது."

பாடம் நடக்கும் நேரமெல்லாம் கணவர், இருவருக்கும் நடுவில் சிக்காமல், மாடத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். நனைந்து நனைந்து ஒரு ரோஜாச் செடி அழுகியே போயிற்று.

ஒரு நாள் நாத்தனார், "இது ரொம்பச் சுலபம் அண்ணி, சின்னப் பிள்ளைகூடப் போட்டுடும்" என்றார். அக்கா பேனாவை மூடி வைத்தார்.

"சுலபம்னு சொல்லாதேம்மா. எங்கிட்ட வர்ற யார்கிட்டயும் கிளட்ச் சுலபம்னு நான் சொன்னதில்ல. அப்படிச் சொல்லி, அவங்களால முடியலைன்னா, தன்னையே மக்குன்னு நினைச்சுக்குவாங்க."

நாத்தனாருக்குச் சுருக்கென்றது. அந்த வாரம் விடுமுறை நாளில், "நீங்க சொல்லிக் கொடுக்கறதைப் பார்க்கணும்" என்று பயிற்சிக் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

அன்று வந்தவர் ஒரு பல் மருத்துவர். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தார்.

"நோயாளியோட தாடையைப் பிடிக்கிற மாதிரிப் பிடிச்சிருக்கீங்க டாக்டர். அது ஓடிப் போகாது, விடுங்க" என்றார் அக்கா. "இன்னிக்கு வண்டி நகராது. சாவியைப் பாதி திருப்புங்க. எந்த சுவிட்சுக்கு என்ன நடக்குதுன்னு மட்டும் பார்ப்போம்."

மருத்துவர் வைப்பரைப் போட்டார், விளக்கைப் போட்டார், தவறுதலாக ஹாரனை அடித்துத் தானே சிரித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கியது. பின்சீட்டில் இருந்தவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் இறங்கிப் போனதும் நாத்தனார் ஓட்டுநர் சீட்டுக்கு வந்தார். "அண்ணி, வைப்பர் சுவிட்சை ஒண்ணுல வச்சா?"

"மெதுவா ஓடும். ரெண்டுல வச்சா வேகமா."

"ஒண்ணுலயே வச்சிருக்கு. ஒரு நேரம் மெதுவா ஓடுது, ஒரு நேரம் வேகமா ஓடுது. என்ன செய்வீங்க?"

"மெக்கானிக்கிட்ட விடுவேன்."

"அவ்வளவுதான். ஒண்ணு கொடுத்தா, அதுக்குன்னு ஒரே ஒரு பதில் வரணும். எப்பக் கொடுத்தாலும் அதே பதில்தான். அதுக்குப் பேருதான் சார்பு."

அக்கா யோசித்தார். "நம்ம பழைய வண்டியில ரெண்டுல வச்சாலும் மெதுவாத்தானே ஓடும்?"

"அதுவும் சார்புதான். ரெண்டு இடத்துக்கு ஒரே பதில் வரலாம். ஒரே இடத்துக்கு ரெண்டு பதில்தான் வரக்கூடாது."

"சரி. இந்த எக்ஸ்?"

நாத்தனார் தான் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் சீட்டைத் தட்டினார். "நாளைக்கு இதுல யார் உட்காருவாங்க?"

"தெரியாது. ஆனா யாரோ வருவாங்க."

"எக்ஸும் அப்படித்தான். யாரோ வரப்போற காலி சீட்டு."

"அவங்க இறங்கிப் போனப்புறம் சீட்டை முன்னாடி இழுத்திருந்தா, வந்தவர் குள்ளம்னு நான் சொல்லிடுவேனே."

"அப்படி நடந்ததை வச்சு வந்தது யாருன்னு கண்டுபிடிக்கறதுதான் அண்ணி சமன்பாட்டைத் தீர்க்கறது" என்றார் நாத்தனார். அக்கா வைப்பரை இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது என்று சொன்னால் பொய். பின்னங்கள் அவரை நன்றாகவே படுத்தின. தேர்வறையில், ஒரே எண்ணுக்கு இரண்டு பதில் காட்டிய ஒரு கேள்வியைப் பார்த்து, "இது மெக்கானிக் கேஸு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். யாரிடம் பேசுகிறார் என்று மேற்பார்வையாளர் வந்து மேசைக்கு அடியில் எல்லாம் தேடிவிட்டுப் போனார்.

தேறிவிட்டார். மதிப்பெண்ணைக் கேட்பவர்களிடம் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

புதுக் கிளை திறந்ததும் முதல் ஆளாகச் சேர வந்தவர் நாத்தனார். பேருந்தில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போய் அலுத்துவிட்டதாம். அக்கா அவரை வேறொரு பயிற்சியாளரிடம் சேர்த்துவிட்டார்.

"ஏன் அண்ணி, நீங்க சொல்லித் தர மாட்டீங்களா?"

"வேண்டாம்மா. மாடத்துல இன்னும் நாலு செடி உயிரோட இருக்கு."