பின்னால் நடந்தால் நாற்பது

சோரியாங்குப்பத்தில் நடவு என்றால் மஞ்சுளா கூட்டம்தான். பதினொரு பெண்களைச் சேர்த்துக்கொண்டு பதினாறு வருஷமாக நட்டு வருகிறாள். கழனிக்கு எத்தனை கட்டு நாற்று வேண்டும் என்று கண்ணாலேயே பார்த்துச் சொல்வதும் அவள்தான். அவள் வாயில் வந்த எண்ணுக்கு ஊரில் மரியாதை இருந்தது, போன வாரம் வரைக்கும்.

போன வாரம் வீரமணியின் கழனியில் பாதி நட்டிருந்தபோது அவர் வரப்பில் நின்று கேட்டார். "இன்னும் எத்தினி கட்டு பறிக்கணும் மஞ்சுளா?"

"நாப்பது போதும்ண்ணா." குனிந்து நட்டபடியே சொன்னாள்.

பன்னிரண்டு கட்டு குறைந்துபோனது. மிச்ச நாற்றை அதற்குள் பக்கத்துக் கழனிக்காரர் வாங்கிப் போய்விட்டார். மூலையில் ஒரு துண்டு மொட்டையாகக் கிடந்தது. இது இரண்டாவது முறை வேறு.

"இன்னொரு வாட்டி குறைஞ்சா அமுதத்தோட நடவு ஆளுங்களக் கூப்ட்டுக்கிறேன்" என்றார் வீரமணி. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மஞ்சுளாவை வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆனால் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. காலையில் வரப்பில் நடந்து வந்தபோது அந்தப் பாதிக்கு அவள் மனசில் விழுந்தது அறுபதுக்கு மேல். சேற்றில் இறங்கியதும் நாற்பதானது எப்படி? நடுகிறவர்கள் பின்னால் பின்னால்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் நட்டதை மிதிக்க வேண்டியதுதான். குறைந்த இரண்டு கணக்கும் அப்படிப் பின்னால் போகும்போது சொன்னவை.

மறுநாள் நடவில் பக்கத்தில் இருந்த கல்பனாவைக் கேட்டாள். "எதிர்க் கழனியில எத்தினி கொக்கு இருக்கும்? எண்ணாம சொல்லு."

"இருவது."

டீ குடிக்க வரப்பில் நடந்தபோது மறுபடி கேட்டாள். "முப்பது இருக்கும்" என்றாள் கல்பனா.

"கொக்கு அப்படியேதானேடி நிக்கிது?"

"எனக்கு இன்னா தெரியும்? டீ ஆறுது, வா."

இன்னும் ஐந்து பேரைக் கேட்டாள். நாலு பேர் கல்பனா மாதிரியேதான். செல்வகுமாரி மட்டும் இரண்டு தடவையும் இருபத்தைந்து என்றாள். அவள் எதற்கும் அசைய மாட்டாள்.

அடுத்து வீரமணியின் மேல் கழனி. எத்தனை கட்டு என்று அவர் கேட்டதும் மஞ்சுளா வரப்பில் முன்னால் நடந்தாள், அறுபத்து நாலு தோன்றியது. திரும்பாமல் அப்படியே பின்னால் பின்னால் நடந்து வந்தாள், நாற்பது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அம்பத்தி ரெண்டுண்ணா" என்றாள், இரண்டுக்கும் நடுவில் பிடித்து.

நட்டு முடிந்தபோது இரண்டு கட்டு மிச்சம். வீரமணி அதைப் பார்த்தார்.

வாய்க்காலில் கால் கழுவிவிட்டுத் திரும்பினால், அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழ்க் கழனி வரப்பில் பின்னால் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"மஞ்சுளா, நாளைக்குக் கீழ்க் கழனி. எனக்கு முப்பது வருது. உனக்கு இன்னா வருது?"

"முன்னாலயும் ஒரு வாட்டி நடந்துட்டுக் கேளுங்கண்ணா" என்றாள் மஞ்சுளா.