பெயரை நீக்கிய கைப்பிரதி

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பெங்களூரில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். நாவல்களுக்குள் நிறவெறி எப்படிச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது என்பது என் ஆராய்ச்சி. பழைய அமெரிக்க நாவல்கள் பலவற்றில் வெள்ளைக்காரர் நிறம் சொல்லப்படாமலே அறைக்குள் வந்துவிடுவார். கறுப்பர் வரும்போது மட்டும் அவருடைய நிறம் முதலில் வரும். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுவேன். இருபது வருடமாக இதுதான் வேலை.

பழக்கம் புத்தகத்தோடு நிற்பதில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், வீட்டுக்காரர் "நான்வெஜ்ஜா?" என்று கேட்கும்போதே அடுத்த கேள்வி எனக்குத் தெரிந்துவிடும். நான் இதே ஊரில், ஜோகுபாளையம் என்ற தமிழர் குடியிருப்பில் பிறந்தவள். அப்பா மாநகராட்சியில் தெரு கூட்டினார். நான் பள்ளியில் படிக்கும்போது குடும்பத்தோடு பௌத்தத்துக்கு மாறினோம். இதையெல்லாம் எங்கள் துறையில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன். எதிர் மேசைத் தோழி, ஈரோட்டுக்காரர். பத்து வருடமாக மதியச் சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொள்வோம். எனக்கு அந்தக் கல்லூரியில் சிநேகிதம் என்று இருந்தது அவர் ஒருவர்தான்.

என் புத்தகத்தை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். எழுதியவர் யார் என்று சொல்லாமல் ஒரு நிபுணரிடம் படிக்கக் கொடுப்பார்கள். படித்தவர் யார் என்று நமக்கும் சொல்ல மாட்டார்கள். அதனால் கைப்பிரதியில் நம் அடையாளம் எங்கும் இருக்கக் கூடாது. அடிக்குறிப்புகளில் "என் முந்தைய கட்டுரையில்" என்று இருந்ததைக்கூடத் தேடித் தேடி நீக்கினேன்.

மூன்று மாதம் கழித்து நிபுணரின் அறிக்கை வந்தது. நூலாசிரியர் தாம் பிறந்த சமூகத்தின் வலியிலிருந்து எழுதியிருக்கிறார், அந்த அனுபவம்தான் நூலின் பலம், ஆய்வில் ஆழம் போதாது என்று இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முந்நூறு பக்கத்துக்கு நாவல்களைப் பிரித்து மேய்ந்திருக்கிறேன். என்னைப் பற்றி ஒரு அத்தியாயத்திலும் ஒரு வரி கிடையாது. அப்படியானால் இந்த ஆளிடம் யார் சொன்னது?

அதற்குப் பிறகு எல்லாமே தடயமாகத் தெரிந்தது. போன மாதம் வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியரோடு தோழி கேன்டீனில் பேசிக்கொண்டிருந்தார். நான் போனதும் பேச்சு நின்றது. அதற்கு முந்தைய வாரம், ஜோகுபாளையத்தில் எங்கள் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தார். எதற்குக் கேட்டார்? அவர் என்ன சாதி என்று பத்து வருடத்தில் நான் யோசித்ததே இல்லை. அன்று யோசித்தேன்.

"ரிப்போர்ட் வந்துருச்சுங்களா மேடம்?" என்று மறுநாள் சாப்பிடும்போது அவராகவே கேட்டார்.

"வந்துச்சு."

"என்ன சொல்லியிருக்காங்க?"

"உங்களுக்குத் தெரியாததா?"

கேலி என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"என் வீட்டுக் கதைய இனிமே வெளியில யார்கிட்டயும் சொல்லாதீங்க மேடம். சொன்ன வரைக்கும் போதும்."

 அவர் டிபன் பாக்ஸை மூடினார். அந்த செமஸ்டர் முழுக்க நான் கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டேன். அவர் மறுத்துப் பேசாததையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

செமஸ்டர் முடியும் சமயத்தில் புத்தகத்தைத் திருத்த உட்கார்ந்தேன். வழக்கமாகக் கைப்பிரதியின் நடுவில்தான் குதிப்பேன். அன்று முதல் பக்கத்திலிருந்து வந்தேன். மற்றவர்கள் நன்றியுரையைக் கடைசியில் எழுதுவார்கள். எனக்கு அதை முதல் நாளே எழுதாவிட்டால் ஒரு அத்தியாயமும் ஓடாது. அது அந்த முதல் பக்கத்திலேயே இருந்தது. ஜோகுபாளையத்தில் நான் உட்கார்ந்து பள்ளிப் பாடம் படித்த புத்த விகாரைக்கும், தெரு கூட்டிய கையால் எனக்குப் புத்தகம் வாங்கித் தந்த அப்பாவுக்கும் நன்றி. கீழே இருந்த என் பெயரை மட்டும் அழித்துவிட்டு, இதை அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

அந்த நிபுணர் புத்தகத்தை விட்டுவிட்டு என் பிறப்பைப் படித்தார் என்ற கோபம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் அவரிடம் சொன்னது நான்தான்.

மறுநாள் தோழி விடைத்தாள் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"தப்பு என் மேலதான் மேடம். நன்றியுரையில நானே எழுதி அனுப்பியிருக்கேன். நீங்க சொல்லிட்டீங்கன்னு நெனச்சுட்டேன்."

"அது அன்னிக்கே புரிஞ்சுதுங்க."

"அப்ப ஏன் இல்லைன்னு சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இவ இன்ன சாதி, இப்படித்தான் செஞ்சிருப்பான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அதுக்கப்பறம் நான் என்ன சொன்னாலும் பொய்யாத்தானே இருந்திருக்கும்?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.  எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவரும் "பரவால்லீங்க" என்றார்.

விடுமுறை முடிந்து வந்தபோது எதிர் மேசை காலியாக இருந்தது. துறையின் அட்டெண்டர் மேசையைத் துடைத்துக்கொண்டே, "மேடத்துக்கு இங்க காத்து வர்லியாம். மேல் மாடியில சீட்டு கேட்டு வாங்கிக்கினாங்க" என்றார்.

"ஆமா, இங்க காத்தே வராது" என்றேன்.