அப்பா உதறிய தூசி

மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்று நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு வளையம். காற்று சுத்தமாக இருந்தால் நீலமாக எரியும், தூசியோ புகையோ கூடினால் சிவந்துவிடும். வெறும் பிளாஸ்டிக் வளையம்தான். ஆனாலும் அது சிவக்கும்போதெல்லாம் என் கண் தானாக வாசல் கதவுக்குப் போகிறது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மகளுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. முதலில் தும்மல் வரும், பிறகு உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்ப்பாள், அதன்பின் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்ட அன்று அவளைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். என் அக்காவின் நெஞ்சில் நான் கேட்டு வளர்ந்த சத்தம் அது. என் பதற்றத்தைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் இயந்திரத்தை வாங்கி வந்தார். குழந்தை மருத்துவர் அம்மா அதைப் பெரிதாக மெச்சிக்கொள்ளவில்லை. "நல்லதுதாம்மா. ஆனா பறக்குற தூசியத்தான் அது புடிக்கும். மெத்தையிலயும் தலகாணியிலயும் ஒக்காந்திருக்கறத அது என்ன செய்யும்? உறைகளச் சுடுதண்ணியில தொவைங்க. இன்ஹேலர மட்டும் நிறுத்திராதீங்க" என்றார். மெத்தைக்கு உறை போட்டேன், திரைச்சீலைகளைக் கழற்றினேன், தரையை ஈரத்துணியால் துடைத்தேன், பஞ்சு பொம்மைகளைப் பரணில் ஏற்றினேன். காலைத் தும்மல் குறைந்தது. இயந்திரத்தால் குறைந்ததா, நான் துவைத்துத் துவைத்துக் குறைந்ததா என்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரிகள் கேட்கும்போதும் இதையேதான் சொல்கிறேன்.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. மதுரையை ஒட்டிய பரவையில் எங்கள் வீடு. மூட்டையிலிருந்து வரும் பஞ்சைச் சிக்கெடுக்கும் பகுதியில் அவருக்கு வேலை. ஷிப்டு முடிந்து வரும்போது தலைமுடி, காது மடல், புருவம் எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். சைக்கிள் மணி கேட்டதும் அக்கா ஓடுவாள். அவர் அவளைத் தூக்கிக்கொள்வார். அவள் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு புருவத்துப் பஞ்சை உப்பென்று ஊதுவாள். அது பறந்து போவதைப் பார்த்து இருவரும் சிரிப்பார்கள். அவளுக்கு அடிக்கடி மூச்சிழுப்பு வரும். வந்தால் அப்பா அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஓர் ஐப்பசி மழையில், விடியும் நேரத்தில், மதுரைக்குக் கொண்டுபோன ஆட்டோ ஆரப்பாளையம் தாண்டுவதற்குள் அவர் மடியிலேயே அக்கா அடங்கிப்போனாள்.

எழவுக்கு வந்த ஒரு சொந்தக்காரி, அழுகைக்கு நடுவில் சொன்னாள்: "மில்லுத் தூசிய அம்புட்டையும் மேல சொமந்துட்டு வந்து தூக்குனா, பச்சப்புள்ள நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?" எந்த டாக்டரும் அப்படிச் சொன்னதில்லை. அக்காவுக்குப் பனி ஒத்துக்கொள்ளாது, மழை ஒத்துக்கொள்ளாது, அடுப்புப் புகையும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் சொன்னவள் முந்தானையை உதறிவிட்டுப் போய்விட்டாள், அப்பா கடைசிவரை சுமந்தார். அன்றிலிருந்து தோள்துண்டை வாசலில் உதறி, கொல்லைப்புறத்தில் குளித்து, வேறு வேட்டி கட்டித்தான் வீட்டுக்குள் வருவார். அப்படிக் குளித்து வந்த பிறகும் என்னைத் தூக்கியதில்லை. எனக்கு அந்தக் கோபம் இருந்தது. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

மில்லை மூடி எத்தனையோ வருடமான பின்னும் துண்டை உதறுவது மட்டும் நிற்கவில்லை. அம்மா போன பிறகு தனியாக இருந்தவர், பசுமலையில் எங்கள் மாடிக்கு அவ்வப்போது பேத்தியைப் பார்க்க வருவார். இயந்திரம் வந்த புதிதில் ஒருநாள் வந்தார். படியில் நின்று துண்டை உதறிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தார். அந்த நேரம் பார்த்தா நான் அடுப்படியில் வரமிளகாயைத் தாளிக்க வேண்டும்? வளையம் குப்பென்று சிவந்தது. மகள் கைதட்டினாள். "அம்மா, தாத்தா வந்தா செவக்குது."

அப்பா வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"தாளிச்ச பொகைப்பா. மொளகா கருகிருச்சு" என்றேன்.

"இருக்கட்டும்த்தா. அதுக்குத் தெரியுது. நான் வாரேன்" என்றவர், பரவைச் சந்தையில் வாங்கிய வெள்ளரிப்பிஞ்சுப் பையைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

யார் எதை உதறினாலும் அது சிவக்கும், என் சேலைக்கும் சிவக்கும் என்று போனில் எவ்வளவோ சொன்னேன். "சரித்தா" என்பார், அத்தோடு சரி. வருவதை நிறுத்தவில்லை, ஆனால் கம்பிக்கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்தே பேசிவிட்டுப் போவார். பேத்தி உள்ளே, அவர் வெளியே. ஜெயிலில் பார்க்க வந்தவர் மாதிரி என்று நான் ஒருநாள் கத்தியும்விட்டேன். மனுசன் அசைந்தால்தானே. செத்துப்போன ஒரு பிள்ளைக்காக, இருக்கிற பிள்ளைகளை எல்லாம் இப்படி எட்ட வைக்கிறாரே என்று எனக்கு வயிறு எரியும்.

கடைசியில் பேத்திதான் வழி கண்டுபிடித்தாள். ஒரு மதியம் அவர் படியில் உட்கார்ந்திருக்கும்போது, உள்ளே ஓடிப்போய் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள். "தாத்தா, லைட்ட அமத்திட்டேன். இனிமே செவக்காது. உள்ள வாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் கம்பிக்கதவைத் திறந்தேன். துண்டைக் கழற்றிப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். அவள் அவர் மடியில் ஏறிக்கொண்டாள். அவர் அவள் முதுகில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். சத்தம் எதுவும் இல்லை. பிறகு அவள் திரும்பி, அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "தாத்தா, புருவத்துல பஞ்சு" என்று சொல்லி உப்பென்று ஊதினாள். அது நரைத்த முடி. எங்கும் பறக்கவில்லை. அக்காவைப் பற்றி நாங்கள் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அக்கா போன அன்றுகூட அவர் அழவில்லை.

அன்று இரவும் மறுநாள் காலையிலும் போன் செய்து, "புள்ள நல்லா மூச்சு விடுறாளா?" என்று கேட்டார். நல்லாத்தான் விடுகிறாள் என்றேன். அந்தத் தை முடிவதற்குள் பரவை வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

போன வாரம் ரசத்துக்குத் தாளித்தேன். வளையம் சிவந்தது. படம் வரைந்துகொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"அம்மா, தாத்தா வந்துட்டாரு."

படியில் யாரும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவள் பின்னால் போய் நின்றேன்.

"வெளிய நிக்க வேணாம்னு சொல்லு" என்றேன். "உள்ள வரச் சொல்லு."