முதலில் மெஷினுக்கு

"முதல்ல மெஷினுக்கு டெஸ்டாம். பொறகுதான் எங்களுக்காம்." புத்தளத்தில் நான் வேலை பார்த்த ஆய்வுகூடத்தில், நோயாளிகள் காத்திருக்கும் வாங்கில் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது. எங்கள் தொழிலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. இரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சீனியை அளக்கும் குரோமடோகிராபி மெஷினில், அளவு தெரிந்த இரத்தத்தை முதலில் ஓட்டி, அது சொல்வது சரியா என்று பார்ப்போம். நோயாளியின் இரத்தம் அதற்குப் பிறகுதான். ஆய்வுகூடத்தில் நின்றவர்களுக்கு அந்த வாங்கிலிருந்து வரும் பொறுமையில்லாத பார்வை தெரியும்.

கரன்ட் போன காலை

கரன்ட் போய் வந்தது. எங்கள் மூத்த தொழில்நுட்பவியலாளர் பாரூக் நானா சோதனையை முதலிலிருந்து தொடங்கினார். மதுரங்குளியிலிருந்து வந்த கடை முதலாளி ஒருவர் எழுந்து வந்துவிட்டார். நானா நிமிராமலே கேட்டார்: "முதலாளி, லொறிய ஸ்டார்ட் பண்ணின கையோட லோட் ஏத்திக்கிட்டு ஓடுவீங்களா?"

"ஓட மாட்டன். ஆனா என்ட லொறி இவ்வளவு நேரம் யோசிக்கிறதும் இல்ல."

பென்சில் கோடு

அளவு தெரிந்த அந்த இரத்தத்துக்கு மெஷின் தினமும் சொல்லும் அளவைச் சுவரில் இருந்த வரைபடத்தில் புள்ளியாக வைப்போம். எல்லாப் புள்ளிகளும் எல்லைக்குள்தான் இருந்தன. ஆனால் ஒரு கிழமையாக ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்று மேலே. இரத்தத்தைப் பிரிக்கும் கொலம் தேய்ந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. நானாவின் அனுபவத்துக்கு முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் யோசித்து, புள்ளிகளைப் பென்சிலால் இணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மெஷின் நின்றிருந்தது. நானா வரைபடத்தின் முன் நின்றார். கோபம் இல்லை.

"தங்கச்சி, வாயால சொல்லியிருந்தா முந்தாநாளே நிப்பாட்டியிருப்பனே."

ஒரு குழாய் குறைந்தது

புதுக் கொலம் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் இருந்த அந்தக் கிழமை இரத்தத்தையெல்லாம் நானா திரும்ப ஓட்டினார். அளவுகள் சற்று இறங்கினாலும் யாருடைய முடிவும் மாறவில்லை. ஒரு குழாயில் மட்டும் இரத்தம் போதவில்லை. கற்பிட்டிக்கு அப்பால் உச்சமுனைத் தீவில் இருக்கும் பெண் ஒருவருடையது. அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று ரிப்போட் போயிருந்தது. நோய்க்கான எல்லையை மயிரிழைதான் தாண்டிய அளவு. போன் எடுபடவில்லை. அடுத்த முறை வரும்போது பார்க்கலாமே என்றேன்.

"எங்கட கடதாசிய நம்பித்தானே அந்தப் புள்ள குளிசை போடப் போகுது."

மறுநாள் நானா ஐஸ்பெட்டியோடு கற்பிட்டி பஸ் ஏறி, அங்கிருந்து படகில் போனார். பின்னேரம் நனைந்த காற்சட்டையோடு வந்து, அந்தப் பெண்ணிடம் புதிதாக எடுத்த இரத்தத்தை ஓட்டினார். அளவு எல்லைக்குக் கீழே இருந்தது.

அடுத்த நாள் புது ரிப்போட்டைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு, நானா மறுபடியும் உச்சமுனைக்குப் போனார்.